“வாயால் அறிக்கை செய்” என்பது எதுவரை? நாவின் அதிகாரம் பற்றி ஒரு கேள்வி

நெல்லைத்தென்றல் கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வீட்டு ஜெபக்கூட்டங்களில் திரும்பத் திரும்ப வாக்குவாதமாகிற விஷயம் இது. “மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்” (நீதிமொழிகள் 18:21) என்ற வசனத்தை வைத்துக்கொண்டு, யாராவது “எனக்குச் சர்க்கரை கூடியிருக்கு” என்று சொன்னாலே, “அப்படி அறிக்கை பண்ணாதீங்க, ‘சுகமாயிட்டேன்’னு சொல்லுங்க” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். மாத்திரை போடுவதே அவிசுவாசம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், “வார்த்தைக்கு ஒரு சக்தியும் கிடையாது, எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தது” என்று தள்ளிவிடுகிறவர்கள் வீட்டில் பிள்ளைகளை “நாசமாப் போ” என்று வைகிறார்கள்.

வசனப்படி எங்கே நிற்க வேண்டும்? வியாதிக்காரரிடம், பிள்ளைகளிடம், அன்றாட ஜெபத்தில் எப்படிப் பேசுவது? கூட்டத்தில் வாசித்துக்காட்டும்படி வசன ஆதாரத்தோடு சொன்னால் உதவியாயிருக்கும்.

வேதபாடம் எழுதியது:

பிரதர், முதலில் அந்த வசனத்தை அதன் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். நீதிமொழிகள் 18-இல் மூடனுடைய உதடுகள் விவாதத்தில் நுழைவது வருகிறது (வ. 6), கோள்சொல்லுகிறவன் வருகிறான் (வ. 8), “தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்” என்ற வசனம் வருகிறது (வ. 17). பிறகுதான் 21. அன்றைக்கு ஊர்வாசலில் மூப்பர்கள் முன் வழக்கு நடந்தது. இரண்டு மூன்று சாட்சிகள் வாயால் சொன்னால் காரியம் நிலைவரப்படும் (உபாகமம் 19:15). நாபோத்துக்கு நடந்ததைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 21). இரண்டு பேர் பொய்ச்சாட்சி சொன்னார்கள், கல்லெறிந்து கொன்றார்கள், அவன் திராட்சத்தோட்டம் ஆகாப் ராஜாவின் கைக்குப் போயிற்று. நாவில் மரணம் இருப்பது இப்படித்தான்: ஒருவன் பேசுகிறான், இன்னொருவன் கேட்டு நம்புகிறான், அதன்படி நடக்கிறான். இந்த அதிகாரம் மிகவும் நிஜமானது. ஆனால் தனியறையில் “தலைவலி” என்று சொன்னால் தலைவலி வந்துவிடும் என்று இந்த வசனம் சொல்லவில்லை.

இந்தப் போதனைக்கு வழக்கமாய் எடுக்கும் மற்ற வசனங்களையும் இதேபோல் முன்னும் பின்னும் பாருங்கள்.

ரோமர் 4:17, “இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல் அழைக்கிறவர்” என்று சொல்வது தேவனைப்பற்றி. அங்கே ஆபிரகாம் செய்தது அவரை நம்பியது மட்டுமே. அவன் எதையும் அழைத்து உண்டாக்கவில்லை.

மாற்கு 11:23-இல் மலையைப் பார்த்துப் பேசுவது வருகிறது. அதற்கு முந்தின வசனம் “தேவனிடத்தில் விசுவாசமுள்ளவர்களாயிருங்கள்”. 24 ஜெபத்தைப் பற்றியது, 25 பிறருடைய குறையை மன்னிப்பது பற்றியது. 23-ஐ மட்டும் வெட்டியெடுத்தால் தேவனும் போய்விடுகிறார், மன்னிப்பும் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு மந்திரம்.

எண்ணாகமம் 14:28, “நீங்கள் என் செவிகள் கேட்கச் சொன்னபிரகாரம் உங்களுக்குச் செய்வேன்”. இதை எல்லாருக்கும் பொதுவான சட்டமாக்குகிறார்கள். ஆனால் அது, எகிப்தைவிட்டு வந்தபின் பலமுறை தேவனைப் பரீட்சை பார்த்த ஜனத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு (வ. 22). வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தைக்கு வந்ததல்ல. பொதுச்சட்டம் என்றால் எலியா செத்திருக்க வேண்டும். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று அவன் வாய்திறந்து கேட்டான் (1 இராஜாக்கள் 19:4). கர்த்தர் அந்த அறிக்கையின்படி செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்க விட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். சாகக் கேட்ட மனுஷன் கடைசியில் சாகாமலே பரலோகத்துக்கு ஏறிப்போனான் (2 இராஜாக்கள் 2:11). இந்தப் போதனையால் பயந்துபோயிருக்கிற ஒவ்வொருவருக்கும் வாசித்துக்காட்ட வேண்டிய பகுதி இது.

யோபு 3-ஆம் அதிகாரம் முழுக்கத் தான் பிறந்த நாளைச் சபித்தான். முடிவில் கர்த்தர் கடிந்துகொண்டது, அழகாகப் பேசின மூன்று சிநேகிதரைத்தான்: “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” (42:7). கெத்செமனேயில் ஆண்டவரே, “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்று சீஷரிடம் சொன்னார் (மத்தேயு 26:38). பவுல், “துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்” என்று பெயர் சொல்லி எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). உள்ளதைச் சொல்வது அவிசுவாசம் என்றால் இவர்கள் எல்லாரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

சரித்திரத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். “வாயால் அறிக்கை செய்து பெற்றுக்கொள்” என்கிற வடிவில் இந்தப் போதனையை அமெரிக்காவில் எழுதிப் பரப்பியவர்களில் ஈ. டபிள்யூ. கென்யன் (1867–1948) முக்கியமானவர். அவருக்குப்பின் கென்னத் ஹேகின் (1917–2003) ஓக்லஹோமாவிலிருந்து வானொலி, புத்தகம், வேதாகமப் பள்ளி மூலம் உலகமெங்கும் கொண்டுபோனார். இதை எதிர்த்தவர்கள் பெந்தெகொஸ்தே அல்லாதவர்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பெந்தெகொஸ்தே சபையான அமெரிக்க அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையே 1980-இல் இதைப்பற்றி அதிகாரபூர்வ அறிக்கை வெளியிட்டு, வேதம் முழுவதையும் எடுத்துப் பார்க்காமல் சில வசனங்களை மட்டும் தூக்கிப்பிடிப்பதை எச்சரித்தது.

ஆனால் நம் ஊரில் இது இவ்வளவு வேகமாய் வேர்விட்டதற்கு அமெரிக்கா மட்டும் காரணமல்ல. கருநாக்கு, வாய்முகூர்த்தம், அறம் பாடினால் ஆள் அழிவான் என்கிற நம்பிக்கையெல்லாம் ஏற்கெனவே நம்மிடம் இருந்தது. அந்தப் பழைய பயத்துக்கு ஒரு வசன ஆதாரம் கிடைத்ததுபோல் ஆகிவிட்டது. சாபத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு வேதம் நேரடியாய்ப் பதில் சொல்கிறது: “காரணமில்லாமல் இட்ட சாபம் தங்காது” (நீதிமொழிகள் 26:2). கூலிக்குச் சபிக்க வந்த பிலேயாமே, “தேவன் சபிக்காதவனை நான் சபிப்பதெப்படி?” என்று கைவிரித்தான் (எண்ணாகமம் 23:8).

அப்படியானால் விசுவாசத்தில் வாய்க்கு வேலையே இல்லையா? தாராளமாக இருக்கிறது. ரோமர் 10:9 வாயினாலே அறிக்கையிடுவதையும் இருதயத்திலே விசுவாசிப்பதையும் சேர்த்தே வைக்கிறது. அங்கே அறிக்கையிடப்படுவது “கர்த்தராகிய இயேசு”. நமக்கு வேண்டிய வீடும் காரும் அல்ல. அந்த நாட்களில் ரோமப் பேரரசில் இதைச் சபைநடுவே வாய்விட்டுச் சொல்வது சின்ன காரியமும் அல்ல.

ஆஸ்பத்திரி_ஊழியம் எழுதியது:

வேதபாடம் ஐயா சொன்னதை ஏற்றுக்கொண்டு, வியாதி சம்பந்தப்பட்டதை மட்டும் எழுதுகிறேன். இதில் தவறினால் உயிர் போகும்.

டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். எப்போது ஆரம்பித்தது, எத்தனை நாளாக, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எதை விட்டுவிட்டீர்கள் எல்லாம். “அறிக்கை பண்ணக்கூடாது” என்று வலியை மறைத்தால் அவர் தவறான மருந்து எழுதுவார். அங்கே உங்கள் வார்த்தைதான் அவருக்குச் சாட்சி.

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்று பாருங்கள். ரத்த அழுத்தம் கூடினால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. “ஒன்னும் பண்ணல, சுகமாயிட்டேன்” என்று தோன்றும், பக்கவாதம்தான் முதல் அறிகுறியாக வரும். சிறுவயதிலேயே வரும் முதல்வகைச் சர்க்கரைநோயில் உடம்பு இன்சுலினே சுரக்காது. ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி மயக்கமாகிவிடும். காசநோய்க்குச் சாதாரணமாக 6 மாத மருந்து. சில வாரங்களிலேயே இருமல் குறைந்து பசி எடுக்கும், அந்த இடத்தில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறித் திரும்பி வரும், வீட்டில் உள்ளவர்களுக்கும் அதுவே தொற்றும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரும். 5 நிமிடத்துக்குமேல் நீடித்தால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

தேவன் சுகமாக்கினார் என்று நம்புகிறீர்களா? நல்லது, பரிசோதித்துப் பாருங்கள். ஆண்டவர் பத்துக் குஷ்டரோகிகளையும் “ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்” என்று அனுப்பினார் (லூக்கா 17:14). லேவியராகமம் 14-இன்படி ஆசாரியன் பார்த்துச் சொன்ன பிறகுதான் பாளயத்துக்குள் திரும்ப வரலாம், அதன்பிறகும் ஏழுநாள் கூடாரத்துக்குப் புறம்பே இருக்க வேண்டும். சர்க்கரைக்கு ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனை கடந்த 2–3 மாதச் சராசரியைக் காட்டும். மருந்தைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். உண்மையான சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் “அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்கும்” பவுல் “கொஞ்சம் திராட்சரசமும்” எடுத்துக்கொள்ளச் சொன்னாரே தவிர, “பலவீனம் என்று சொல்லாதே” என்று எழுதவில்லை (1 தீமோத்தேயு 5:23).

படுக்கையருகே ஜெபிக்கப் போகிறவர்களுக்கு: உட்கார்ந்து, “ஜெபிக்கலாமா? எதுக்காக ஜெபிக்கணும்?” என்று அவரையே கேளுங்கள். அவர் சொன்ன வார்த்தையையே ஜெபத்தில் வைத்துச் சொல்லுங்கள். “நாளைக்கு ஆபரேஷன், பயமாயிருக்கு” என்றால், “ஆண்டவரே, இவங்க நாளைய ஆபரேஷனை நினைச்சுப் பயப்படுறாங்க, கூட இரும்” என்று. மூன்று நிமிடம் போதும். சங்கீதம் 23 அல்லது 121, மெதுவாக. சங்கீதம் 121-இல் எட்டே வசனம், ஒரு நிமிடத்தில் முடியும். வார்டில் சத்தம் போட வேண்டாம், பக்கத்துக் கட்டிலிலும் நோயாளி இருக்கிறார்.

“உங்க விசுவாசம் குறைவு”, “என்ன பாவம்னு யோசிச்சுப் பாருங்க”, “அடுத்த வாரம் எழுந்து நடப்பீங்க” இந்த மூன்றையும் சொல்லவே கூடாது. இரண்டாவதற்கு யோவான் 9:3-இல், பிறவிக்குருடனின் நிலைக்கு அவனுடைய பாவமோ பெற்றவர்கள் பாவமோ காரணமல்ல என்று ஆண்டவரே பதில் சொல்லிவிட்டார். மூன்றாவது நடக்காமல் போனால், சொன்னவர் வீட்டுக்குப் போய்விடுவார்; படுத்திருப்பவர்தான் தேவன் தன்னைக் கைவிட்டார் என்று அழுவார்.

மயக்கத்தில் இருப்பவர் கட்டிலருகே நின்று “இனி பிழைக்கமாட்டார்” என்று பேசாதீர்கள். பதில் சொல்ல முடியாதவருக்குக் காது கேட்கக்கூடும். அவர் பெயரைச் சொல்லி, நீங்கள் யாரென்று சொல்லி, அதன்பின் வசனம் சொல்லுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, இதுதான் மனதை அதிகம் வருத்துவது. மரிக்கப்போகிறவர் அதைப்பற்றிப் பேச வாயெடுத்தால், “அப்படிச் சொல்லாதீங்க, சாவு உங்களுக்குக் கிடையாது” என்று அடக்கிவிடுகிறார்கள். அவர் மகனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்திருக்கலாம், பத்திரம் இருக்கும் இடத்தைச் சொல்ல நினைத்திருக்கலாம். யாக்கோபு கட்டிலில் உட்கார்ந்து, தன்னை எங்கே அடக்கம்பண்ண வேண்டுமென்று நிலத்தின் பெயரோடு சொல்லிவிட்டுத்தான் கால்களை மடக்கிக்கொண்டான் (ஆதியாகமம் 49:29–33). பேச விடுங்கள்.

ஞாயிறுபள்ளி_அக்கா எழுதியது:

பிள்ளைகளைப்பற்றி நான் சொல்றேன். “வார்த்தைக்குச் சக்தி இல்லை”ன்னு சொல்றவங்க ஒரு நாள் ஞாயிறுபள்ளியில வந்து உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளைங்க தங்களைப்பற்றிச் சொல்றதுல பாதி, வீட்டுல கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும். பேய் பிசாசு ஒன்னும் வேண்டாம், அம்மா அப்பா சொல்றதை அப்படியே நம்பறதே போதும்.

கண்டிக்கிறப்ப செய்த காரியத்தைச் சொல்லுங்க, ஆளுக்குப் பெயர் வைக்காதீங்க. “சோம்பேறி” வேண்டாம், “இன்னும் கணக்கு எழுதல, 7 மணிக்கு உட்காரணும்”னு சொல்லுங்க. “பொய்யன்” வேண்டாம், “நீ சொன்னது உண்மை இல்லை, என்ன நடந்துச்சு?” “எப்பவும் இப்படித்தான்”, “நீ உருப்படவே மாட்டே”, “உங்கப்பன் புத்தி”, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடறது, இதெல்லாம் திருத்தாது. திருந்த வழி இருக்குன்னு காட்டற வார்த்தை ஒன்னுகூட அதுல இல்லை. அதுவும் உறவுக்காரங்க முன்னால சொன்னா, பிள்ளை மனசுல நிக்கறது அவமானம் மட்டும்தான். கோபம் தலைக்கேறியிருந்தா வேற அறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்து பேசுங்க. “மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்” (நீதிமொழிகள் 15:1) பெரியவங்க வாய்க்கும் பொருந்தும்.

ஏற்கெனவே வைதாச்சு, சாபம் பிடிச்சுடுமோன்னு கேட்கிற அம்மாக்கள் நிறைய. நீதிமொழிகள் 26:2-ஐ மேலே சொல்லிட்டாங்க. சாபத்தை முறிக்கிற ஜெபம் தேடி ஊர் ஊராகப் போக வேண்டாம். பிள்ளைகிட்டப் போய், சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேளுங்க: “நேத்து உன்னை ‘எதுக்கும் லாயக்கில்லை’ன்னு சொன்னேன். அது உண்மை இல்லை, தப்பு. மன்னிச்சுக்கோ.” அத்தோட நிறுத்துங்க. “ஆனா நீயும் அப்படிப் பண்ணலாமா?”ன்னு சேர்த்தா மன்னிப்பு கரைஞ்சு மறுபடி திட்டா மாறிடும். அந்தத் தப்பைப் பேசணும்னா வேற நாள் பேசுங்க.

ஆசீர்வதிக்கறதுக்கு எண்ணாகமம் 6:24–26 போதும். ராத்திரி குடும்ப ஜெபம் முடிஞ்சதும் தலையில கைவச்சு, பிள்ளையோட பேரைச் சொல்லி, “கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்…”னு மூணு வசனத்தையும் முழுசாச் சொல்லுங்க. அரை நிமிஷம்கூட ஆகாது. யூதக் குடும்பங்கள்ல இன்னைக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைங்களை இந்த வசனத்தால ஆசீர்வதிக்கிறாங்க. மகன்களுக்கு ஆதியாகமம் 48:20-லிருந்து எப்பிராயீம், மனாசே பேரையும் சேர்த்துச் சொல்வாங்க. இதுல கெடுத்துடற ஒரு விஷயம் உண்டு: மார்க் வாங்கின நாள்ல மட்டும் ஆசீர்வதிக்கறது. அடம்பிடிச்ச நாள்லயும் அதே கை, அதே வசனம் வேணும். ஆசீர்வாதம் கூலி இல்லை.

பரீட்சைக்கு முன்னால “நான்தான் முதல் மார்க், இயேசுவின் நாமத்தில்”னு பத்துத் தடவை சொல்ல வைக்கிறாங்க. வரலைன்னா அந்தப் பிள்ளை இரண்டுல ஒரு முடிவுக்கு வரும்: தேவன் பொய், இல்லைன்னா என் விசுவாசம் பொய். “படிச்சது ஞாபகத்துக்கு வரணும், கை நடுங்கக்கூடாது, காப்பியடிக்காம எழுதணும்”னு ஜெபிக்கக் கத்துக்கொடுங்க. மார்க் எவ்வளவு வந்தாலும் அந்த ஜெபத்தோட அது மறுபடி ஜெபிக்க வரும்.

மாலைஜெபம் எழுதியது:

தனி ஜெபத்தில் வாயை எப்படிப் பயன்படுத்துவது என்பது மட்டும் பாக்கி.

வேதத்தை வாய்விட்டு வாசியுங்கள். “இந்த நியாயப்பிரமாண புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக” (யோசுவா 1:8). எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்ததைப் பிலிப்பு கேட்டான் என்றால் (அப்போஸ்தலர் 8:30), சத்தமாகத்தான் வாசித்திருக்கிறார். சத்தமாய் வாசித்தது மௌனமாய் வாசித்ததைவிட நினைவில் நிற்கிறது என்று நினைவாற்றல் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஒரு நாளைக்கு 5 சங்கீதம் என்றால் 150-உம் 30 நாளில் முடியும். ஆங்கிலிக்கன் பொது ஜெபப்புத்தகமும் சங்கீதங்களைக் காலை மாலையாக 30 நாளுக்குத்தான் பிரித்திருக்கிறது. 119 வரும் நாளில் திணறுவீர்கள், அதில் 176 வசனம். எட்டெட்டு வசனமாக 22 பகுதி இருப்பதால் அதைத் தனியே 22 நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கீதக்காரன் தன் ஆத்துமாவோடே பேசுவதைக் கவனித்து, அதே வரிசையில் ஜெபியுங்கள். “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” (42:5). முதலில் கலக்கத்தை மறைக்காமல் சொல்கிறான், பிறகு பழைய நன்மையை நினைக்கிறான், பிறகு “தேவனை நோக்கிக் காத்திரு” என்று தனக்கே கட்டளையிடுகிறான். நிறையப் பேர் முதல் படியைத் தாண்டிக் குதித்து மூன்றாவதை உரக்கச் சொல்கிறார்கள். மனசு கூட வருவதில்லை, பத்து நிமிடத்தில் வாய் ஓய்ந்துவிடும். 88-ஆம் சங்கீதமோ முதல் படியிலேயே முடிந்துபோகிறது. அதையும் தேவன் வேதத்தில் வைத்திருக்கிறார்.

சத்தம் கூடினால் வல்லமை கூடாது. அன்னாளின் உதடுகள் மாத்திரம் அசைந்தன, சத்தமோ கேட்கப்படவில்லை (1 சாமுவேல் 1:13), சாமுவேல் பிறந்தான். ஒரே வாக்கியத்தை நூறு தடவை சொல்வதை ஆண்டவரே தடுத்திருக்கிறார் (மத்தேயு 6:7).

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையை அப்படியே அறிக்கையிடுவதற்கு முன், அந்த அதிகாரத்தை முழுதாய் வாசியுங்கள். பலர் வீட்டில் தொங்கும் எரேமியா 29:11, பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதின கடிதத்தில் வருகிறது. முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம் அங்கேயே வீடுகட்டித் தோட்டம் போடச் சொல்கிறது. அடுத்த மாதம் விசா வரும் என்பதற்கு அந்த வசனத்தைப் பிடிக்க முடியாது. நீண்ட காத்திருப்பில் இருப்பவருக்கோ அதைவிட நல்ல வசனம் இல்லை.

கடைசியாக, வாட்ஸப் ஜெபக்குறிப்பு. “அந்த அண்ணன் மகள் விஷயமா ஜெபிச்சுக்கோங்க” என்று ஆரம்பித்து ஒரு குடும்பத்தின் மானம் 200 பேர் போனுக்குப் போகிறது. சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்காமல் பெயரோ, ஊரோ, வியாதியோ போடாதீர்கள். “ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக” என்றால் போதும், தேவனுக்கு முகவரி தெரியும். தப்புச் செய்தவரைத் திருத்த வேண்டுமென்றால் மத்தேயு 18:15-இன்படி முதலில் தனியே போய்ப் பேச வேண்டும், குழுவில் அல்ல.

நெல்லைத்தென்றல்:

ரொம்ப நன்றி. ஒன்றே ஒன்று. கூட்டத்தில் ஒருவர் “இந்த மாதத்துக்குள் உங்களுக்குக் கல்யாணம், கர்த்தர் சொல்லுகிறார்” என்று நாள் குறித்துச் சொன்னால் கேட்டவர்கள் என்ன செய்வது?

வேதபாடம்:

தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள், சொன்னவர் முன்பாகவே. “மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்” என்று 1 கொரிந்தியர் 14:29 சொல்வதால், சபை மூப்பர் இருவராவது அதைக் கேட்டிருக்க வேண்டும். அந்த வார்த்தையை மட்டும் நம்பி மண்டபத்துக்கு முன்பணம் கட்டவோ, கடன் வாங்கவோ, வருகிற வரனை விசாரிக்காமல் சம்மதிக்கவோ கூடாது. மாதம் முடிந்தும் நடக்கவில்லையென்றால் உபாகமம் 18:22-ஐத் திறந்து (சொன்னது நடவாவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்கிறது), சொன்னவரிடம் மூப்பர்கள் பேசட்டும். கேட்ட பெண்ணிடம் “நீ விசுவாசிக்கல” என்று பழியைத் திருப்ப மட்டும் யாரையும் விடாதீர்கள்.